லூர்துக்குப் போகிற வைன் போத்தல்கள்

1

எங்கள் வீட்டில் இப்போது கால் வைக்க இடமில்லை. கட்டிலுக்கு அடியில் போத்தல், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் போத்தல், கடையில் மெழுகுதிரிப் பெட்டிகளுக்குப் பின்னால் போத்தல். நம்ம கரையில் சீசா என்கிறோமே, அதற்குக் கொழும்பில் போத்தல் என்று பேர். வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்தவன் நான். இப்போது என் வாயில் அதுதான் வருகிறது. ஊருக்கு எழுத உட்காரும்போதுதான் நம்ம சொல் என்னவென்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் போத்தல்கள் எல்லாம் சீமைக்குப் போகின்றன. காலியாகப் போய், லூர்து மாதா குகைக் கெபியின் ஊற்றுத் தண்ணீரோடு திரும்பி வரும் என்று சொல்கிறார்கள். சொல்கிறார்கள் என்றுதான் எழுதுவேன். ஏனென்றால் பாதிக்கு மேல் வைன் போத்தல். கழுவிக் கவிழ்த்து வைத்தும், மழை பெய்தால் வீடு முழுக்கப் புளித்த வாசம்.

நேற்று என் மச்சான் கஸ்பார் இன்னொரு சாக்குப் போத்தலோடு டிராமை விட்டு இறங்கி வந்தான். அது கலகலத்த சத்தத்துக்கு எங்கள் கொட்டாஞ்சேனையே திரும்பிப் பார்த்தது. எதிர்க்கடைத் தையற்காரர் சுலைமான் நானா, மெஷினை நிறுத்தாமலே கேட்டார்: "என்ன முதலாளி, மாதா படத்தோட இனிச் சாராயமும் விக்கிறதா?"

சிரிப்பதற்குத்தான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஒரு மாதமாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதானே.

2

தெரியாதவர்களுக்கு எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் போகிற தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை. மெழுகுதிரி, செபமாலை, கழுத்தில் போடுகிற உத்தரியம், அர்ச்சியசிஷ்டர்களான புனிதர்களின் படங்கள். கடைக்குப் பின்னால் வீடு. மனைவி ஞானம்மாளும் தூத்துக்குடிக்காரிதான். கல்யாணம் முடிந்து தோணியில் வரும்போது எடுத்த வாந்தியோடு, இனி உப்புத் தண்ணீர் மேல் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னவள். அந்தச் சொல்லை இன்றுவரை காப்பாற்றுகிறாள்.

எங்களுக்கு ஒரே மகள், பிலோமினா. வெள்ளவத்தையில் மடத்துக் கன்னிமார் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். காலையில் கடற்கரை ரயிலில் போய்ப் பின்னேரம் வருகிறாள். கன்னிமாரிடம் இங்கிலீஷ், மீன்காரியிடம் சிங்களம், உடன் படிப்பிக்கிற ரீச்சர்மாரிடம் யாழ்ப்பாணப் பேச்சு. மிச்சம் மீதி இருப்பதுதான் எங்களுக்கு. சாப்பிட வா என்று கூப்பிட்டால், சரி என்பதற்கு யாழ்ப்பாணத்தார் போல "ஓம்" என்கிறாள். எங்கள் வீட்டில் எனக்குப் புரியாமல் செபிக்கிறவளும் அவள் ஒருத்திதான். போன வருசத்திலிருந்து 'அருள் நிறைந்த மரியே' செபத்தைப் பிரெஞ்சில் சொல்கிறாள். பாட்டுப் போலக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்ம வீட்டு மாதாவுக்கு அது விளங்குமா என்று ஒருநாள் கேட்டேன். "மாதாவுக்கு விளங்கும் அப்பா. உங்களுக்குத்தான் சந்தேகம்" என்றாள்.

இந்த வருசம், எங்கள் கோயில் பங்கில் இருக்கிற பிரெஞ்சுக்காரச் சாமியார் லீவில் தன் ஊருக்குப் போகிறார். அவர் நிழலில் ஏழெட்டுப் பேர் யாத்திரை போவதென்று ஏற்பாடு. லூர்து, பாரிசு, ரோமாபுரி. அதில் பிலோமினாவும், அவளுக்குத் துணையாக அவள் மாமன் கஸ்பாரும். எனக்கும் ஒரு இடம் கேட்டிருந்தார்கள். வேண்டாமென்று சொன்னவன் நான்தான். காரணம் அடுத்து வருகிறது.

அதற்கு முன் போத்தலின் சங்கதி. நம்ம கரையில் ஒருவர் தூரத்துக் கோயிலுக்குப் போனால், தெருவிலுள்ள வீடெல்லாம் எண்ணெய்க்கோ தீர்த்தத்துக்கோ ஒரு சீசா கொடுத்துவிடும். வலைக்கு அடையாளம் கட்டுவதுபோல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நூல், ஒரு முடிச்சு. சீசாவை வாங்கிக்கொண்டு யாத்திரை போகிறவர்தான் முடிச்சுப் போடுவார். கொண்டு வந்து கொடுக்கும்போது அவரேதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை அவிழ்த்தால் கேட்ட வேண்டுதல் பாதியில் நிற்கும் என்பார்கள். எங்கள் தெருவிலிருந்து யாத்திரை போன ஒருவர், போன இடத்திலேயே பெண் கட்டித் தங்கிவிட்டார். சீசாக்களை வேறு யாரோ கொண்டு வந்து சேர்த்தார்கள். ஒரு வீட்டிலும் வாங்கவில்லை. கோயில் சுவரோரம் வரிசையாக நின்று, நூலெல்லாம் வெளுத்து, யாருடையது எதுவென்று தெரியாமல் போனது. தொடவும் முடியாமல், எறியவும் முடியாமல், எல்லாரும் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

இந்தப் பழக்கத்தை ஞானம்மாள் இங்கே கொண்டு வந்தாள். கொட்டாஞ்சேனை அதைப் பிடித்துக்கொண்டது. பிலோமினா லூர்துக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் கோயில் தெரு முழுக்கப் போத்தலோடு வந்தது. சுலைமான் நானாவின் மனைவி முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு மருந்துப் போத்தலை எடுத்து, "மர்யம் நாச்சியார்ட தண்ணி, எங்கட மகள்ட புள்ளைக்கி" என்று ஞானம்மாளின் கையில் வைத்தாள். வெள்ளவத்தையிலிருந்து விசாலாட்சி ரீச்சர், தன் மாமியாருக்கென்று ஒன்று கொடுத்துவிட்டாள். "மாமி நல்லூர்க் கந்தனையும் விடமாட்டா, மாதாவையும் விடமாட்டா, பிலோ" என்றாளாம்.

3

இனி வைனுக்கு வருகிறேன்.

கஸ்பாருக்குக் கொழும்புக் கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியின் கிட்டங்கியில் வேலை. சீமை வைனும் பிராந்தியும் கப்பலில் வந்து இறங்குகிற இடம். பெட்டி உடைப்பது, அடுக்குவது, உடைந்ததைக் கழிப்பது. உடைந்தது என்று கழிப்பதெல்லாம் உண்மையில் உடைந்ததுதானா என்று நான் கேட்டதில்லை. அவன் வரும்போது மீசையில் ஈரம் இருக்கிறதா என்று மட்டும் கவனிப்பேன்.

யாத்திரையின் வழியை அவன்தான் ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கினான்.

"மார்செய்ல்ல இறங்குறோம் அத்தான். அங்கேயிருந்து ரயில்ல லூர்து. லூர்து முடிச்சுட்டு போர்தோ."

"வைன் வர்ற போர்தோவிலே எந்த அர்ச்சியசிஷ்டருக்குக் கோயில்?"

"கோயில் இல்லாத ஊர் எங்கே இருக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் தண்ணீர் குடித்தான். "அடுத்தது பாரிசு. சித்திரசாலை ஒண்ணு இருக்காம். சுவர் சுவரா மாதா படம். பெரிய பெரிய ஆளெல்லாம் எழுதினது."

"என் கடையிலேயும் சுவர் நிறைய மாதா படந்தான். கப்பல் ஏறாமலே பார்க்கலாம்."

"அப்புறம் ரோமாபுரி. பாப்பரசரைக் கண்டு, ஆசீர்வாதம் வாங்கி, மறுநாள் பக்கத்திலே ஒரு மலை."

"மலையிலே என்ன?"

"திராட்சைத் தோட்டம்" என்றான், மெதுவாக.

ஞானம்மாள் அடுப்படியிலிருந்து, "அங்கேயும் வைன் போடுறாங்களா தம்பி?" என்று கேட்டாள். அவள் குரலில் எனக்கு வேண்டிய கோபம் இல்லை.

"அக்கா, வேதத்திலே கானாவூர்க் கலியாணத்திலே வைன் தீர்ந்து போச்சுன்னு போய்ச் சொன்னது யாரு? மாதாதானே" என்றான் கஸ்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "இத்தனை வருசமா இந்தக் கையாலே பெட்டி உடைக்கிறேன் அத்தான். கொடியிலே திராட்சை தொங்கி நான் கண்டதில்லை. ஒரு தடவை கண்டிட்டு வந்திடுறேனே. சண்டை வரும் வரும்னு பேப்பர்ல போடுறான். அதுக்குப் பிறகு யாரு போறது?"

அந்தப் பேச்சு என்னைக் கொஞ்சம் அசைத்தது உண்மை. அசைத்ததனாலேயே சந்தேகம் இன்னும் கூடியது. குடிக்கிறவன் எவனும் குடிக்கப் போகிறேன் என்று சொல்லிப் போவதில்லை. கொடி பார்க்கப் போகிறேன், மலை பார்க்கப் போகிறேன் என்றுதான் போவான்.

அப்போதுதான் இந்த வைன் போத்தல்களின் சூட்சுமம் எனக்கு விளங்கியது. தெருச்சனங்கள் கொடுத்தது மருந்துப் போத்தல், எண்ணெய்ப் போத்தல். தடித்த கண்ணாடி வேண்டும், கப்பலில் உடையாது என்று சொல்லிப் பாதியை மாற்றி வைன் போத்தல் கொண்டு வந்தவன் கஸ்பார். போகும்போது காலி. வரும்போது உள்ளே என்ன இருக்கிறதென்று சுங்கத்தில் எவன் மூடி திறந்து பார்ப்பான்? மாதாவின் தண்ணீர் என்றால் சிங்களவனும் தொட்டுக் கும்பிட்டு விட்டுவிடுவான். வரி இல்லை, கேள்வி இல்லை. சுலைமான் நானாவின் பேரப்பிள்ளைக்கு ஊற்றுத் தண்ணீர் என்று போர்தோ வைனைக் கொடுத்துவிட்டு நான் இந்தத் தெருவில் எப்படி முகம் காட்டுவது?

இதனால்தான் நான் வரவில்லை என்றேன். இதற்குச் சாட்சியாக இருக்க எனக்கு மனமில்லை.

4

சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞானம்மாளும் கூட வந்தாள்.

"சாமி, இது யாத்திரையா, விருந்தா?"

அவர் தாடியைத் தடவினார். நம்ம பாஷையைப் புத்தகத்தில் படித்தவர். "சந்தியாகு, வைன் இல்லாமல் நான் பூசை வைப்பது எங்ஙனம்? எம்முடைய தகப்பனாரும் திராட்சைத் தோட்டக்காரரே."

சரி, இவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவர்தான் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்திருக்கும்போது, "உம்முடைய மகளைக் குறித்து..." என்று தொடங்கினார். பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். அங்கே ஞானம்மாள் நின்றாள். "கப்பலுக்கு முன் நாம் ஒருநாள் பேசுவோம்" என்று முடித்துக்கொண்டார். மகளையும் வைன் குடிக்க வைத்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்றுதான் எனக்கு ஓடியது.

அடுத்தது பாஸ்போர்ட். கோட்டையில் கந்தோருக்குக் கஸ்பாரும் பிலோமினாவும் நானும் போனோம். கந்தோர் என்றால் நம்ம ஆபீஸ்தான். மேசைக்குப் பின்னால் ஒரு பறங்கித் துரை. அவர் கண்ணில் எனக்கு இருந்ததைவிடச் சந்தேகம் அதிகம்.

"நீ இந்தியனா, சிலோன்காரனா?"

"பிறந்தது தூத்துக்குடி துரை. இருக்கிறது கொட்டாஞ்சேனை."

"மகள்?"

"பிறந்ததும் கொட்டாஞ்சேனை."

"அப்படியானால் அவள் வேறு, நீ வேறு."

"ஒரு சட்டிச் சோறுதான் துரை" என்றேன். கஸ்பார் அதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னானோ, துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு பிலோமினாவிடம், திரும்பி வருவது எப்போது என்று கேட்டார்.

அவள் வாய் திறந்தாள். அதற்குள் கஸ்பார் முந்திக்கொண்டு, "மழைக்கு முன்னாலே எல்லாரும் வந்திடுவம் துரை" என்றான். பிலோமினா ஜன்னல் பக்கம் திரும்பித் துறைமுகத்தைப் பார்த்தாள். இவனுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று நான் இவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

இன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த கூட்டத்துக்கு மெழுகுதிரி விற்று முடித்து, கடைத் திரைக்குப் பின்னால் சற்றுச் சாய்ந்திருந்தேன். உள்ளே மாமனும் மருமகளும் போத்தல்களை வரிசையாக வைத்துக்கொண்டு பேசுகிற சத்தம். ஞானோபதேசம் கேட்பதுபோல ஒருத்தி கேட்க, ஒருத்தன் ஒப்பித்தான்.

"நீலம்?"

"சுலைமான் நானா வீடு."

"நீலத்திலே ரெண்டு முடிச்சு?"

"வெள்ளவத்தை. விசாலாட்சி ரீச்சரோட மாமி."

"பச்சை?"

"பேக்கரிக்காரர் வீடு."

"இல்ல மாமா. பேக்கரி மஞ்சள். பச்சை கோயில்பிள்ளை வீடு. நல்லா ஞாபகம் வச்சுக்கொள்ளுங்கோ. மாத்திக் குடுத்திட்டா பாவம்."

"இரு பிள்ளை, இரு. பச்சை கோயில்பிள்ளை. மஞ்சள் பேக்கரி."

பிடிபட்டார்கள் என்று நிமிர்ந்தேன். எதில் தண்ணீர், எதில் வைன் என்று நூல் வைத்துப் பழகுகிறார்கள். என் மகளையும் இதற்குள் இழுத்துவிட்டானே. திரையை விலக்கிக் கேட்டுவிடலாம் என்று கையை நீட்டினேன்.

கை அப்படியே நின்றுவிட்டது.

முடிச்சுப் போட்டவள் பிலோமினா. கொண்டு வந்து அவிழ்க்க வேண்டியவளும் அவள்தான். எந்த நூல் எந்த வீடு என்று அவளுக்கு மனப்பாடம். அப்படியிருக்க, இதை எதற்கு இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள்? அதுவும் மாத்திக் குடுத்திடாதீங்கோ என்று?

பாஸ்போர்ட் கந்தோரில் அவள் துறைமுகத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது. சாமியார் பாதியில் விட்ட பேச்சு. பிரெஞ்சில் சொல்கிற 'அருள் நிறைந்த'. திரையின் இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. மெழுகுதிரி வாங்க வந்த ஒருத்தி, "முதலாளி, சுகமில்லையா?" என்று கேட்டாள்.

6

ஞானம்மாள் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பிலோ திரும்பி வரலை. உனக்குத் தெரியுமா?"

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "லூர்துக்குப் பக்கத்திலே ஒரு மடம். அவ பள்ளிக்கூடத்துக் கன்னிமாரோட மடந்தான். அங்கே சேரப் போறா. பெரிய நோன்பு தொடங்கினப்பவே எனக்குத் தெரியும்."

"என்கிட்டே ஏன் சொல்லல?"

"நீங்க வைனைப் பார்த்துக்கிட்டிருந்தீங்க."

மீன் தண்ணீரைத் தூரக் கொட்டினாள். கையைக் கழுவும்போதுதான் முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே போனேன். கஸ்பார் என்னைக் கண்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "நீ இரு. உன்மேலே எனக்குச் சந்தேகம் இன்னும் தீரலை" என்றேன். உட்கார்ந்தான்.

"யார் சொன்னது அப்பா?" என்று கேட்டாள் பிலோமினா. என் முகத்திலேயே கண்டுகொண்டாள்.

"உன் போத்தல்தான் சொல்லிச்சு. எனக்கு எப்போ சொல்றதா இருந்தே?"

"கப்பல் ஏடன் போனதும் மாமா தந்தி அடிக்கிறதா..."

"தந்தியிலேயா? தபால்காரன் வந்து சொல்லியா எனக்குத் தெரியணும்?"

அவள் ஒரு போத்தலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க எதைக் கண்டாலும் சந்தேகப்படுவீங்க அப்பா. மீன்காரியோட தராசு, பால்காரன்ட பால், சாமியாரோட லீவு. இதையும் சந்தேகப்பட்டீங்கன்னா எனக்கும் சந்தேகம் வந்திடும். அதுதான் பயம்."

மற்றவர்கள் சொன்ன பேச்சையெல்லாம் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கடைக்கு வருகிறவர்கள் சொல்வதை மறுநாள் இன்னொருவரிடம் சொல்லி மகிழ்வேன். இந்தப் பேச்சை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. ஊரிலுள்ள உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

"இப்போ வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"எது?"

"சந்தேகம்."

"இல்ல."

நான் அவள் கண்ணைப் பார்த்தேன். கள்ளத் தராசை எனக்குக் காணத் தெரியும். அங்கே அது இல்லை.

"படிச்சு முடிச்சா எங்கே அனுப்புவாங்க?"

"எங்கே தேவையோ அங்கே. சீனாவாகவும் இருக்கலாம். சிலோனாகவும் இருக்கலாம்."

"கொட்டாஞ்சேனை?"

அவள் சிரித்துவிட்டாள். கஸ்பாரும் சிரிக்கப் பார்த்தான். நான் பார்த்த பார்வையில் அடங்கினான்.

7

சாமியாரிடம் மறுபடி போனேன். எனக்கென்று கேட்ட இடம் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை, அதை விட்டுவிட வேண்டாமென்று ஞானம்மாள் போன வாரமே சொல்லியிருந்தாளாம். என்னிடம் கேட்காமல் என்னை அனுப்பி வைக்கிற வீடு இது. நாளைக்குப் பறங்கித் துரையின் முன்னால் மறுபடி நிற்க வேண்டும். இந்தியனா, சிலோன்காரனா என்று கேட்பார். தகப்பன் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று இருக்கிறது.

திரும்பி வந்து பிலோமினாவைக் கூப்பிட்டேன். போத்தல்களுக்கு நடுவில் இருவரும் உட்கார்ந்தோம். அவள் கொழும்பில் பிறந்தவள். தாய் கட்டுவதைப் பார்த்துக் கட்டக் கற்றுக்கொண்டாள். அவிழ்க்க வேண்டியது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே யாரும் அவ்வளவு தூரக் கோயிலுக்குப் போனதில்லையே. வெளுத்த நூலோடு கோயில் சுவரோரம் நின்ற சீசாக்களைப் பற்றி இன்றைக்குத்தான் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவளே ஒரு போத்தலை எடுத்து, தன் முடிச்சை அவிழ்த்து, நூலை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீலம். சுலைமான் நானா வீடு."

"சுலைமான் நானா வீடு" என்று கட்டினேன்.

"பச்சை."

"பேக்கரி."

"அப்பா."

"கோயில்பிள்ளை. உன் மாமனுக்கு மட்டும் வரும், எனக்கு வராதா?"

பொழுது சாய்கிறவரை அவள் அவிழ்த்தாள், நான் கட்டினேன். வைன் போத்தல்களுக்கு மட்டும் நூலை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி இறுக்கினேன். கஸ்பார் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "போர்தோவிலே உன் பக்கத்திலேயே நிப்பேன். கொடியைப் பார்க்கலாம். அதுக்கு மேலே இல்லை" என்றேன். "நீங்களும் கொஞ்சம் பார்க்கலாமே அத்தான்" என்றான் அவன்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. வெள்ளை நூல். எங்கள் வீட்டுப் போத்தல். பிலோமினா முடிச்சில் கை வைத்தாள். நான் போத்தலை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இது அப்படியே இருக்கட்டும்."

அவள் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு. அவள் கைதான் அவிழ்க்க வேண்டும்.

"நான் வர நாளானா?"

"அந்தத் தண்ணி கெட்டுப் போகாதுன்னு சாமியார் சொன்னார்."

"சாமியார் சொன்னா நீங்க நம்புவீங்களா அப்பா?"

"இதை மட்டும் நம்புறேன்" என்றேன்.